ஒன்றுக்குப் பன்னிரண்டு

மூன்று படிகள். ஒவ்வொன்றும் ஆறு அங்குலம்.
வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து ஓடும் ஒழுங்கையில்,
எங்கள் தொடர்மாடி வாசலில்,
விபத்துக்குப் பிறகு
உலகத்தின் உயரம் பதினெட்டு அங்குலம்.

கடைசிப் படிக்கும் கேற்றுக்கும் இடையில் ஒன்பதடி.
"அதுக்குள்ள ஒரு சாய்வைப் போட்டால் முடிஞ்சுதுதானே"
என்றார் செயலாளர் தர்மகுலசிங்கம்.
சாய்வென்றால் சாய்வு. அவருக்கு அதில் வகையில்லை.

மின்சாரக் கட்டணத் தாளைத் திருப்பி வைத்து
ஒரு செங்கோண முக்கோணம் கீறினேன்.
எதிர்ப்பக்கம், படிகளின் உயரம்.
அயற்பக்கம், அவர்கள் தர இருக்கிற நிலம்.
செம்பக்கம், நான் போகவேண்டிய வழி.

செயலாளர் பேசியதெல்லாம் தான்சன்:
இவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு நிலம் போகும்?
என் தோள்மூட்டுக்குத் தெரிந்தது சைன்.
நானும் கதிரையும் சேர்ந்து எழுபத்திரண்டு கிலோ.
அவருடைய ஒன்பதடியில்
பன்னிரண்டு கிலோ என்னைப் பின்னுக்கு இழுக்கும்.
பதினெட்டடி தந்தால் ஆறு.
பாரத்தைக் கிட்டத்தட்ட முழுதாய்
சீமெந்து சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும்;
கோசைனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

பதினெட்டடி போய் ஒன்றரை அடி உயர,
நிலத்தை விட வழி எவ்வளவு நீளும்?
முக்கால் அங்குலம்.
பிழையோ என்று மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்.
ஒரு பெருவிரல் அகலம்கூட இல்லை.

ஜயதிஸ்ஸ பாஸ் என் தாளை வாங்கவில்லை.
செங்கல் துண்டால் மதிலில் கீறினார்:
ஒன்பதடி, ஒரு சமதளம்,
அங்கே திரும்பி இன்னொரு ஒன்பதடி.
"ஒண்ணுக்குப் பன்னெண்டு, மிஸ். உடைச்சாலும் அதேதான்."
உயரம் பாதியானது, நிலம் பாதியானது,
கோணம் மட்டும் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த இரண்டாவது ஒன்பதடி
செயலாளரின் கார் நிற்கிற இடம்.

கூட்டம் வைத்தார்கள், மொட்டைமாடியில்.
லிப்ட் அவ்வளவு தூரம் போகாது.
கட்டணத் தாளை மேலே அனுப்பினேன்;
திரும்பி வந்தபோது அதில் தேநீர்க் கோப்பையின் வட்டமும்
"பார்ப்போம்" என்ற ஒரு சொல்லும்.
அடுத்த கூட்டத்தை நான் கீழே வைத்தேன்,
காருக்கு முன்னால்,
கதிரையை விட்டு அசையாமல்.

சீமெந்து காய்ந்த அன்று
என்னை முந்திக்கொண்டு ஏறினவன்
காஸ் சிலிண்டர் உருட்டி வந்த பொடியன்.
"லேசா இருக்கு" என்றான், ஆரிடமும் இல்லாமல்.

பிறகு நான்.
சமதளத்தில் திரும்பும்போது பார்த்தேன்,
காரின் எண்ணெய்க் கறை
சாய்வின் ஓரத்தில் இன்னும் கறுப்பாய்க் கிடந்தது.
திரும்பி வரும்போது என்னை இழுக்கப்போகிற
அதே ஆறு கிலோ
இப்போது முதுகில் கைவைத்துக்
கடற்பக்கமாய்த் தள்ளியது.
ஒழுங்கை முடிவில் ரயில் ஒன்று கூவிப் போனது.
பிரேக்கில் கை இருந்தது. பிடிக்கவில்லை.