ஐம்பத்திரண்டு இருக்கைகள்

நூறில் ஆறு என்றார் மருத்துவர்.
தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு நூறில் ஆறு.
குறைவுதானே என்று சிரித்தாள் பொனாரியா,
ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்வரை.

நான் பேருந்து ஓட்டுகிறவன்.
ஒரிஸ்தானோவிலிருந்து போசா,
போசாவிலிருந்து ஒரிஸ்தானோ.
என் வண்டியில் ஐம்பத்திரண்டு இருக்கை.
நூறில் ஆறு என் கணக்கில் மூன்று பேர்.
மூன்று பேர் என்றதும் முகம் வந்துவிடுகிறது:
பாலாடைக்கட்டிக் கூடையை மடியில் ஏந்திய பெண்,
காதுக்குள் பாட்டை அடைத்துக்கொண்டு தூங்கும் சிப்பாய்,
குல்யேரியில் ஏறி
சீட்டு வாங்க மறக்கிற பையன்.

எனக்கு வந்தபோது வயது பதினொன்று.
அந்தக் கோடையில் குடம் குடமாய்க் குடித்தும் தீரவில்லை.
வெயில் என்றார்கள் வீட்டில்.
வெயில் வெயில் என்று சொல்லிக்கொண்டே
ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

இப்போது ஆகஸ்ட்.
காப்ராஸ் ஏரியோரம் உப்பு வெளுத்துக் கிடக்கிறது.
இத்ரியா ஓடி வந்து தண்ணீர் கேட்கிறாள்.
ஏழு வயது. நெற்றியெல்லாம் வியர்வை.
மூன்றாவது கோப்பை.
வெயில்தான் என்கிறது வாய்.
முதுகுக்குப் பின்னால்
விரல்கள் மடங்கி எண்ணுகின்றன.

சொத்தென்று என்ன இருக்கிறது என்னிடம்?
பாதிப் படகு; மறுபாதி தம்பியுடையது.
கொஞ்சம் கடன்.
இந்த மூக்கு.
மூக்கு அவளுக்குப் போய்விட்டதென்று ஊரே சொல்கிறது.
மூக்கோடு வேறென்ன போனதென்று
எந்தப் பத்திரத்திலும் எழுதியில்லை.

ஒரு ராத்திரி அதைச் செய்தேன்.
என் கருவியை எடுத்துப்போய்
தூங்குகிறவளின் சுண்டுவிரலில் குத்தினேன்.
விழிக்கவில்லை. உதடு மட்டும் சுருங்கியது.
தொண்ணூற்றிரண்டு. நல்ல எண்.
நல்ல எண்ணை வைத்துக்கொண்டு
இருட்டில் திருடன்போல் நின்றேன்.

காலையில் பொனாரியா
தலையணை உறையில் மிளகளவு சிவப்பைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
உறையை ஊறப்போட்டாள்.
இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள், வெங்காயம் நறுக்கியபடி:
"முறையாகவே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம்.
ஆனால் அவளிடம் சொல்லிவிட்டு."

சொன்னோம். கொடுத்தோம்.
கடிதம் இன்னும் வரவில்லை.

பள்ளி திறக்குமுன் ஒருநாள்
என்னோடு வண்டியில் வந்தாள்.
போசாவில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்,
திரும்பப் புறப்பட இருபது நிமிடம்.
ஓரிடத்தில் உட்காரமாட்டாள்.
சன்னலோரம், நடுவில், கடைசி வரிசையில்,
ஒவ்வொன்றிலும் ஒருமுறை குதித்து எழுந்தாள்.
எதில் உட்கார்ந்தாலும்
கண்ணாடியில் பார்க்கிற எனக்குத் திக்கென்றது.
"ஐம்பத்தொன்றுதான் அப்பா!" என்று கத்தினாள்.
"ஒன்று உடைஞ்சிருக்கு!"

பிறகு முன்னால் ஓடிவந்து நின்றாள்.
"அப்பா, உன் கை."

பார்த்தேன். ஸ்டியரிங் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது.
மதியம் சாப்பிட்டதாகத்தான் ஞாபகம்.
பையின் பக்கவாட்டு ஜிப்,
அதற்குள் பேரிக்காய்ச் சாறு,
குழாய் செருகும் அந்த வெள்ளிப் பொட்டு,
எல்லாம் தெரிந்திருந்தது அவளுக்கு.
நான் ஒருநாளும் காட்டியதில்லை.

குழாயைக் குத்தினாள்.
தான் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு
என்னிடம் நீட்டினாள்.

அந்த ஒரு வாயையும்
எண்ணிவிட்டுத்தான் குடித்தேன்.