ஒரு மணி நேரம் கூட்டுக

ஓத அட்டவணையின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு:
நேரங்கள் கிரீனிச் கணக்கு.
கோடைக்கு ஒரு மணி நேரம் கூட்டுக.

நான் ஒரு மணி கூட்டித்தான் இருந்தேன்.
அது லண்டன் பாலத்திலிருந்து
ட்விக்கன்ஹாம் வரை
வெள்ளம் ஏறிவரப் பிடிக்கும் மணி.
மற்ற மணியை
விடியுமுன் அரசாங்கம் எடுத்துக்கொண்டது.
கைப்பேசி சத்தமில்லாமல் தன்னைத் திருத்திக்கொண்டது.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச்சின் கடைசி ஞாயிறு,
வெள்ளுவா கழிந்து இரண்டாம் நாள்.
வானொலிப் பெண் இந்த வட்டாரத்துக்கென்று சொன்னாள்:
விட்டுவிட்டு வெயில்,
மாலையில் தூறல்,
பன்னிரண்டு பாகை,
வட கடலில் பலத்த காற்று.

பிரிந்தவரை வாட்டும் அதே வாடைதான்.
தேம்ஸின் வாயில்
முக்கால் அடி நீரைக் கூடுதலாகத் திணிக்கும்.
அதை அவள் சொல்லவில்லை.
ஸ்பிரிங் டைட் என்றாள்.
வசந்தத்துக்கும் அதற்கும்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.
துள்ளும் நீர், அவ்வளவுதான்.

மூன்றே முக்காலுக்கு உச்சம் என்பது என் கணக்கு.
நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
கரைச்சாலையில் போய் நின்றேன்.
நீர் படிக்கட்டின் மூன்றாம் படியில்.
சாலை காய்ந்திருந்தது.
இனி இறக்கம்தானே என்று
வானை நிறுத்திவிட்டுக்
கருவிப்பெட்டியோடு நடைபாலம் ஏறினேன்.

ஈல் பை தீவில் கார் கிடையாது.
ரோவேனா ஹெஸ்கெத்தின் சலவை இயந்திரம்
ஒரு வாரமாக நீரை விழுங்கிவிட்டுத்
துப்ப மறுக்கிறது.
"ஞாயிறில் வந்தாயே சிட்," என்றாள்.
சிற்றம்பலம் அவளுக்கு சிட்.

முழங்காலிட்டேன்.
மூடியைத் திருகினேன்.
குழந்தைக் காலுறை ஒன்று,
இருபது பென்னி ஒன்று,
பின் அடைபட்டிருந்த சாம்பல் நீர் முழுவதும்
என் வாளிக்குள்.
இரண்டு வாளி.
தரையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.
எனக்கே பெருமையாக இருந்தது.

ரசீது எழுதும்போது
ஜன்னலோரம் நின்றவள் கேட்டாள்:
"வெள்ளை நிறமா உன் வண்டி?"

பாலத்தின் முதுகில் நின்று பார்த்தேன்.
சாலையைக் காணவில்லை.
விளக்குக் கம்பங்கள் வரிசையாக
ஆற்றுக்குள் நடந்துகொண்டிருந்தன.
மதுக்கடை வாசலில் கோப்பையோடு சிலர்,
முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டையோடு ஒருவர்,
எல்லார் கையிலும் கைப்பேசி.
என் பக்கக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி
ஓர் அன்னம்.

நீர் முழுக்க வான் கிடந்தது:
மேகம் நகர்கிற ஒன்று,
அதன் நடுவே நகராத ஒன்று,
பக்கவாட்டில் என் தொலைபேசி எண்ணுடன்.
கடைசி இரண்டு எண்கள் முழுகியிருந்தன.

செய்வதற்கு ஒன்றுமில்லை.
கைவரிசை காட்டிய பம்புகள்,
முப்பது வகை ரப்பர் வளையங்கள்,
எல்லாம் உள்ளே.
கதவைத் திறந்தால்
அவையும் டெடிங்டன் மதகைப் பார்க்கக் கிளம்பிவிடும்.

ரோவேனா தேநீர் கொண்டுவந்தாள்.
பாலக் கைப்பிடியில் சாய்ந்து இருவரும் காத்திருந்தோம்.
தூறல் சொன்ன நேரத்துக்கு வந்தது.
நாலே முக்காலுக்கு
ஒரு கிளை அசையாமல் நின்றது,
யாரோ பெயர் சொல்லி அழைத்தது போல.
பிறகு கீழ்நோக்கி நகரத் தொடங்கியது.

நிலாவுக்கு யாரும் அறிவிக்கவில்லை.
அது பழைய மணியில்தான் வேலை செய்கிறது,
கூடுதல் சம்பளம் கேட்காமல்.

ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினேன்.
வண்டி ஒருமுறை இருமியது.
மிதியடியில் நாணல் துண்டு,
கதவில் இடுப்பளவில் ஒரு சேற்றுக் கோடு.
காப்புறுதிக்காரன் தொலைபேசியில் கேட்டான்:
"சம்பவம் நடந்த நேரம்?"

எந்தக் கணக்கில், என்று கேட்டேன்.