ஐந்தாவது

டுலூத்தின் செங்குத்துத் தெருக்களில் ஒன்றில்
பாதி ஏறும்போது வேன் திக்கியது.
ஆறு பேர் சேர்ந்து பாடும் வரிசையில்
ஒருத்தி மட்டும் வாயசைத்துக் காலம் தள்ளுவதுபோல.
மஞ்சள் விளக்கு கண்ணடித்தது.
பின்னால் ஹாக்கி மட்டைகள் நடுங்கின.
"அம்மா, இது வெடிக்குமா?" என்றான் ஐனோ,
வெடித்தால் நன்றாயிருக்கும் என்ற குரலில்.

உதிரிபாகக் கடைப் பையன்
கருவியைச் செருகிப் பார்த்துச் சொன்னான்:
ஐந்தாவது சிலிண்டர். இக்னிஷன் காயில்.
ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும்,
ஆறையும் மாற்றிவிடுங்கள்.
ஆறின் விலையைக் கேட்டேன்.
ஒன்று கொடு என்றேன்.

அர்விட் கப்பலில் இருக்கிறான்.
வயிறு முட்ட இரும்புத் தாது,
சுற்றிலும் சிக்னல் இல்லாத தண்ணீர்.
ஏரியில் பனிக்கட்டி உடைந்ததும் போனவன்
திரும்பக் கோடை ஆகும்.

ஞாயிறு காலை, பேட்டரி வயரைக் கழற்றினேன்.
முன்வரிசைச் சிலிண்டர்கள் மூன்றும்
குழுப்படத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி
முகம் காட்டின.
ஐந்தாவது பின்வரிசை.
அதன் தலைமேல் காற்றுப் பெட்டி,
பெட்டிக்குப் பின்னால் என் கண் போகாத இருட்டு,
அங்கே ஒரு போல்ட்.
விரல்தான் கண்.
தொட்டு, தொலைத்து, மறுபடி தொட்டு,
அர்விட் கற்றுக்கொண்டது எந்தத் துறைமுகத்திலோ
நான் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரு வசவைச்
சத்தமாகவே சொன்னேன்.
லின்னேயா ஜன்னலைச் சாத்தினாள்.

பெட்டியைத் தூக்கியதும் ஆறு துளைகள் வாய் பிளந்தன.
ஒரு நட்டு உள்ளே விழுந்தால் எஞ்சினே போச்சு.
ஐனோவின் காலுறைகளைச் சுருட்டி அடைத்தேன்.
மறக்காமலிருக்க உள்ளங்கையில் எழுதினேன்:
காலுறை ஆறு.

பிறகுதான் பார்த்தேன்.
பின்வரிசைக் காயில்களில் இரண்டு புதியவை.
அவற்றின் முதுகில் வெள்ளை மையில்
அக்டோபர் பன்னிரண்டு, அவனுடைய கோணல் எழுத்து.
ஐந்தாவது மட்டும் பழையது.
அதன்மேல் தேதி இல்லை.
'அப்புறம்' என்று எழுதியிருந்தான்.

எந்த அக்டோபர் என்று எனக்குத் தெரியும்.
லின்னேயாவின் பல்லுக்குக் கம்பி கட்டிய மாதம்.
ஒரு சனிக்கிழமை முழுக்க பானட்டுக்குள் தலையை விட்டிருந்தான்.
இருட்டியபின் உள்ளே வந்தவனிடம்
நாள் பூராவும் என்னதான் கிழித்தாய்,
வண்டி நேற்று மாதிரியேதானே இருக்கிறது என்று கேட்டேன்.
பதில் சொல்லவில்லை.
வழக்கத்தைவிட நேரமெடுத்துக் கை கழுவினான்.

வண்டி நேற்று மாதிரியே இருந்தது.
அதுதான் அவன் செய்த வேலை.

மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு
எது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான்.
கணக்குத் தப்பவில்லை.
இரண்டு குளிர்காலம் தாங்கியிருக்கிறது.

பிடித்து இழுத்தேன், ரப்பர் சிணுங்கியது.
அடிப்பக்கம் மயிரிழை விரிசல்,
விரிசல் ஓரமாகக் கருகிய தடம்,
தீப்பொறி பிளக்குக்குப் போகாமல்
குறுக்கு வழியில் ஓடிய பாதை.
புதியதை அழுத்தினேன். க்ளிக்.
லின்னேயாவிடம் வெள்ளைப் பேனா வாங்கி
இன்றைய தேதியை எழுதினேன்.
முன்வரிசை மூன்றின் முதுகிலும்
'அப்புறம்' என்று எழுதிவைத்தேன்.

காலுறை ஐந்துதான் கிடைத்தது.
முக்கால் மணி நேரம்.
ஆறாவது என் கோட்டுப் பையில் இருந்தது.
அப்படியானால் ஒரு துளையை
அடைக்காமலே விட்டிருக்கிறேன்.
டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை,
யாரிடமும் சொல்லப்போவதில்லை.

சாவியைத் திருப்பினேன்.
ஆறு குரலும் ஒன்றாய் எடுத்தன.
பழைய காயிலைப் படம் பிடித்து
அவனுக்கு அனுப்பினேன், எழுத்து தெரியும்படி.
போய்ச் சேர்ந்ததற்கான குறி இன்னும் வரவில்லை.

அதே தெருவில் அதே மேட்டில் ஏறினோம்.
திக்கல் இல்லை, நடுக்கம் இல்லை.
அவ்வளவு அமைதியில்
இதுவரை கேட்காத ஒன்று கேட்டது:
வலது முன்சக்கரத்தில்
மெல்லிய ஒரு முனகல்.
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினேன்.