நுரை

மணலியில் ஷாம்பு பாக்கெட் அடைக்கும் குடோனில்
ஏழு வருஷம்.
நுரையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
நுரை அழுக்கை எடுக்காது,
எடுத்த மாதிரி காட்டும்,
அதற்குத்தான் ஜனம் காசு தருகிறது
என்பார் சூபர்வைசர் அந்தோணிராஜ்.

ஆகவே ஒரு நாள் காலையில்
என் மூத்திரம் நுரைத்து நின்றபோது
சிரிப்புதான் வந்தது.
கம்பெனிச் சரக்கு உள்ளே போய்விட்டது போல
என்று ஏகவள்ளியிடம் சொன்னேன்.
அவளும் சிரித்தாள்.
அப்புறம் கால் வீங்கியது.
விரலால் அழுத்தினால் குழி.
குழி மூட,
ஒரு பஸ் வந்து நின்று கிளம்பும் நேரம்.

ஸ்டான்லியில் டோக்கன் நூற்றுப் பதினாறு.
வரிசையில் நின்றபடி குற்றவாளிகளை எண்ணினேன்:
எண்ணூர்ச் சாம்பல்,
ராத்திரி தொண்டையைக் கீறும் வாயு,
கொசஸ்தலை இறால்,
அடிபம்பில் மஞ்சளாய் வரும் தண்ணி.
எல்லார் பேரும் நாக்கு நுனியில்.
டாக்டரம்மா அவர்களில் ஒருத்தரையும் விசாரிக்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தார், பிறகு கழுத்தை.
முகம் ஒரு ஊர், கழுத்து வேறு ஊர்.
"மூஞ்சிக்கு என்ன போடுறீங்க?"

எம்.சி. ரோட்டில் வாங்கியது.
பச்சை மூடி, எண்பது ரூபாய்.
பின்பக்கம் ஒரு எழுத்து கிடையாது.
அதனால்தான் வாங்கினேன் டாக்டர்.
நாங்கள் அடைக்கிற பாக்கெட்டின் முதுகில்
எறும்பு வரிசை மாதிரி எத்தனை பேர்,
சோடியம் அது, மெத்தில் இது.
இதில் ஒன்றுமே இல்லை.
கெமிக்கல் இல்லாத சரக்கு என்றான் கடைக்காரன்.

"உப்பும் கெமிக்கல்தாம்மா.
பேர் போடாததுதான் பயம்."

ஆறு நாள் கழித்துப் பேர் வந்தது.
பாதரசம்.

எனக்குத் தெரிந்த ரசம் இரண்டு.
சோற்றில் ஊற்றுவது ஒன்று.
கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருப்பது இன்னொன்று,
அது போனால் முகம் தெரியாது.
இது மூன்றாவது.
முகத்தை வெளுத்துவிட்டு
ரத்தத்தோடு இறங்கி
கிட்னியில் வலைக்கண்ணை அறுக்கிறது.
நிற்க வேண்டிய புரதம் நழுவிப்போகிறது.

புரதம் என்றால்?
முட்டை வெள்ளை மாதிரி என்றாள் நர்ஸ்.

தண்டையார்பேட்டை ஸ்டாப்பில்
தள்ளுவண்டிக்காரன் டம்ளரில் முட்டை அடித்துக்கொண்டிருந்தான்.
கடகடவென்று கரண்டி.
விளிம்பு வரை நுரை.
அட, இதுதானா!
எட்டு மாசமாய் தினம் விடிகாலையில்
ஒரு ஆம்லெட்டை ஊற்றிவிட்டு
வேலைக்குப் போயிருக்கிறேன்.

அதற்காகச் சாம்பலை விடுதலை செய்துவிடவில்லை.
அதிலும் இந்த ரசம் துளி இருக்குமாம்.
ஆனால் சாம்பலை நான் காசு கொடுத்து வாங்கவில்லை,
படுக்கப் போகுமுன் கண்ணாடி பார்த்து
வட்ட வட்டமாகத் தேய்க்கவில்லை.

இன்னொரு டப்பாவை
ஏகவள்ளி மகள் ஷர்மிக்கு நான்தான் வாங்கித் தந்தேன்.
தையில் கல்யாணம்.
ஓடிப்போய் எல்லாம் சொன்னேன், காலை அழுத்திக் காட்டினேன்.
குழியைப் பார்த்தாள்.
முகத்தைப் பார்த்தாள்.
"ஆனா உனக்கு கலர் வந்துச்சுல்ல அத்தை."
கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

இப்போது என்னிடம் இரண்டு டப்பா.
குப்பையில் போட்டால் கொடுங்கையூர்.
அங்கே தீப்பிடித்தால் புகை எங்கே போகும்,
இங்கேதான் வரும்.
கழுவி ஊற்றினால் பக்கிங்காம் கால்வாய்,
அப்புறம் முகத்துவாரச் சேறு.
சேற்றில் அது வேறு பேர் எடுத்துக்கொள்ளுமாம்.
பூச்சி, சின்ன மீன், பெரிய மீன்,
ஞாயிற்றுக்கிழமை
என் சட்டி.

எனவே இரண்டும் பரண்மேல் இருக்கின்றன.
பாலிதீன் கவர், மூன்று முடிச்சு.
குடோன் மார்க்கரை எடுத்துவந்து
உள்ளே இருப்பது என்ன என்று
பெரிதாக எழுதி ஒட்டினேன்.
ஏழு வருஷத்தில்
நானே எழுதிய முதல் லேபிள்.
எழுத்து கொஞ்சம் கோணல்.