அரைப் புள்ளி

நடுக்கோட்டுக்கு நேரே, மரப்பெஞ்சில், என் இடம்.
மடியில் டேப்லெட், பக்கத்தில் ஈரக் கையுறை.
இந்தப் பள்ளிக்கூட ஜிம்மில் ரேடியேட்டர் ஒன்றுதான் சூடு.
நேமுனாஸ் ஆறு உறைந்துவிட்டது என்கிறாள் டிக்கெட் கிழிப்பவள்,
இன்னும் இல்லை என்கிறான் மேளக்காரன்.
அது என் வேலையில்லை.

பந்து விழுந்தால் பச்சை, விழாவிட்டால் சிவப்பு.
ரீபவுண்டுக்கு ஒரு தட்டு, தவறுக்கு இரண்டு.
நான் தட்டிய கணத்தில்
நான் பார்க்காத ஊர்களில், தூங்காத ஆண்கள்
எங்கள் மரஆலை அணியின் மேல் பணம் கட்டுகிறார்கள்.
அவர்களுக்கு இந்த ஊர்ப்பெயர் வாயில் நுழையாது.
எங்கள் பாயிண்ட் கார்ட் விடியற்காலையில்
ரொட்டி வேன் ஓட்டுகிறான் என்பதும் தெரியாது.

இன்றைய கோடு நூற்று ஐம்பத்து நாலரை.
இரண்டு அணியும் சேர்த்து அதற்கு மேலா, கீழா.
அந்த அரையை எந்தக் கையும் எறிந்ததில்லை,
எந்த வளையமும் வாங்கியதில்லை.
சண்டை வராமல் இருக்க
கணக்குப் போட்டவன் நடுவில் நட்ட வேலி அது.

டேப்லெட்டுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் உண்டு:
பென்சிலில் எழுதிய நோட்டு.
யாருக்கு இரவு ஷிப்ட், யாருக்குப் பல்வலி,
யாருடைய மனைவி வில்னியஸுக்குப் போய்த் திரும்பவில்லை.
எய்முடிஸ் பெயருக்கு நேரே ஒரு கட்டம், தலைப்பு "மாடு".
முப்பத்தெட்டு வயது சென்டர், கால்நடை மருத்துவன்.
ப்ரீ த்ரோவில் நூற்றுக்கு எண்பத்து மூன்று.
பிரசவம் பார்த்த ராத்திரிக்கு மறுநாள், நாற்பத்தொன்று.
மூன்று சீசனாக எண்ணியிருக்கிறேன்.
பொழுதுபோகத்தான் ஆரம்பித்தேன்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு
யாத்விகாவின் தொழுவத்தில் விளக்கு எரிந்தது.
வாசலில் அவன் வேன், கூரைமேல் ஒரு ஜாண் பனி.
காலையில் அந்த விளக்கை
நூற்று எண்பது யூரோவுக்கு விற்றேன்.
வாங்கியவனுக்குப் பெயர் ஓர் எழுத்து.
குளிர்கால டயர், என்று பணத்துக்கு நான் பெயர் வைத்தேன்.

நாலு விநாடி மிச்சம். எழுபத்தொன்பது, எழுபத்தைந்து.
விசில். எய்முடிஸுக்கு இரண்டு எறிதல்.
கூட்டம் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கிறது;
ஜெயித்தாயிற்று, இனி விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன.
முதலாவது முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது.
சிவப்பு.
இரண்டாவதற்குப் பந்தை நாலு தரம் தரையில் தட்டினான்.
வழக்கமாக மூன்று.
முழங்கை வரை அயோடின் கறை.
பந்து அவன் கையை விட்டது,
என் கட்டைவிரல் பச்சையைத் தொட்டது.

சத்தியமாக நான் தொடவில்லை. விரல்தான்.
பந்து இன்னும் மேலேதான் இருந்தது.
ஆனால் லிமாவிலோ லாகோஸிலோ அது விழுந்துவிட்டது.
நூற்று ஐம்பத்தைந்து. வேலி தாண்டியாயிற்று.
எவனோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பான்,
எவனோ போனைச் சுவரில் அடித்திருப்பான்,
ஐந்து விநாடி, ஆறு இருக்கலாம்.
இங்கே அது பின்விளிம்பில் மோதி
ரொட்டி வேன்காரன் கைக்குப் போனது. மணி அடித்தது.

திருத்தினேன். காரணம் என்ன என்றது திரை.
விரல் தவறு, என்று எழுதினேன். அதில் பொய்யில்லை.
பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது:
நன்றி. வியாழக்கிழமைக்கு ஏதாவது?

வெளியே எய்முடிஸ் ஈரத்தலையோடு வந்தான்.
கன்றுக்குப் பின்னங்கால்தான் முதலில் வந்ததாம்,
கயிறு கட்டி இழுத்தார்களாம். கிடாரி. தாயும் பிழைத்தது.
"ரெண்டையும் விட்டுட்டேன், இல்ல?"
"ஆமா."
"போகட்டும். யாரு கணக்கு வெச்சுக்கப் போறாங்க."
நான் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைப்
பழைய பஸ் பாஸால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.