மேற்படி

ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் தூக்கம்.
இழுவைக் கப்பலின் இயந்திர அறையில்
பதினோரு வருடம் அப்படியே வாழ்ந்தவன் ஹோக்னி.
ஏப்ரலில் கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் இறங்கி வந்து
என் கையிலிருந்து ரன்வாவை வாங்கிக்கொண்டு
“காவல் முறை ஒன்று போட்டுவிட்டால் சரியாகிவிடுவாள்” என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நான்கு மாதமாக அந்த முறையைத் தேடித்தான்
என் கண்ணுக்குக் கீழே இப்படிக் கருத்திருந்தது.

மறுநாள் நான் சால்மன் ஆலைக்குத் திரும்பினேன்.
அவன் கப்பலின் பழைய பதிவேடு ஒன்றைப் பிரித்து
எண்ணெய் அழுத்தம், நீர் வெப்பம் என்றிருந்த தலைப்புகளை அடித்துவிட்டுப்
பால், ஏப்பம், தூக்கம் என்று எழுதினான்.
கடைசிக் கட்டம் ‘பழுது’.
அதை மட்டும் அடிக்கவில்லை. தேவைப்படும் என்றான்.

திங்கள்.
9.00 படுக்க வைத்தேன். 9.01 எழுந்தாள்.
9.03 மேற்படி.
9.06 மேற்படி.
மேற்படி மேற்படி என்று
பக்கத்தின் அடிவரைக்கும் இறங்குகிறது அவன் பேனா.

செவ்வாய். தூறல்.
வண்டியோடு வெளியே, இறவாரத்தின் கீழ் விட்டேன்.
காற்று ஆட்டியது. சொக்கினாள்.
ஓர் ஆடு வந்து போர்வையை முகர்ந்தது.
பதினேழு நிமிடம். ஆட்டின் உரிமையாளர் யார்?

புதன்.
13.10 படுக்க வைத்தேன். 13.15 தூக்கம்.
அருகில் பென்சிலில், பிறகு சேர்த்தது:
நான். அவள் இல்லை.

இடைவேளையில் கையுறையைக் கழற்றி
அவன் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாய்ப் பெரிதாக்கிப் படிப்பேன்.
அழவிடு, அடங்கிவிடும் என்றாள் ஐந்து பெற்ற பிலிந்தா.
அழவிடாதே, துணியில் கட்டிக்கொண்டு நட என்றாள்
செபுவிலிருந்து வந்த லுஸ்விமிண்டா.
இருவரும் அவரவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்கள்.
நான் மீனைப் பிளந்தேன்.
மார்பு கனத்தது.

வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் மணியே இல்லை.
கோணல் எழுத்தில் இப்படி:
இடது காதைப் பிடித்து இழுக்கிறாள்.
பிறகு சன்னலுக்கு வெளியே
எதுவுமே இல்லாத இடத்தைப் பார்க்கிறாள்.
இந்தப் பார்வை எனக்குத் தெரியும்,
காவல் முடியப்போகிறவனின் பார்வை.
அதிலிருந்து பத்து நிமிடம். பதினொன்று ஆனால் புயல்.

அதற்குக் கீழே அடிக்கோடிட்டு:
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது என் தவறு.
இயந்திரத்துக்கு ஏது திங்கள், செவ்வாய்?
ஓடிய மணிதான் கணக்கு.
எழுந்ததிலிருந்து எண்ணு.

ஒன்றே முக்கால் மணி.
திரையை இழு, அதே சாம்பல் போர்வை,
தொண்டைக்குள் ஒரு தாழ்ந்த உறுமல்,
மெதுவாக ஓடும் டீசலின் உறுமல்.
நாற்பது நிமிடம் தூங்கினாள்.
அடுத்த முறையும் நாற்பது.
படத்தை லுஸ்விமிண்டாவிடம் காட்டினேன்.
கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்,
சந்தோஷத்தால் மட்டும் என்று சொல்லமாட்டேன்.

ஞாயிறு என் முறை.
காது, வெற்றுப் பார்வை, திரை, போர்வை
எல்லாம் பதிவேட்டில் உள்ளபடியே.
உறுமவும் செய்தேன்.
ரன்வா கண்ணை அகல விரித்து
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
ஒரு டீசல் எஞ்சின் பெண் குரலில் பேசினால்
யாருக்குத்தான் சிரிப்பு வராது?

உறுமலை விட்டேன்.
சும்மா அன்றைய வேலையைச் சொல்லத் தொடங்கினேன்:
எத்தனை பெட்டி, எவ்வளவு பனி,
எந்தப் பட்டை நடுவில் நின்றுபோனது.
மூன்றாவது பெட்டியில் அவள் கை தளர்ந்தது.
சமையலறைக்குள் போய்ப் பதிவேட்டைப் பிரித்து நானே எழுதினேன்:
அம்மா. 10.20.
எழுந்தது எப்போது என்று எழுத மறந்துவிட்டேன்.

இப்போது ஜூன். இரவு மூன்று மணிக்கும்
துறைமுகத்தின் மேல் வெளிச்சம் போகவில்லை.
போர்வை எடுபடவில்லை, உறுமல் எடுபடவில்லை,
பெட்டிக் கணக்கு எடுபடவில்லை.
என் தோளில் எச்சில், அவன் தோளில் எச்சில்.
பக்கம் நெடுக மேற்படி, மேற்படி.

விடிந்ததும் பார்த்தேன்.
பழுது என்ற கட்டத்தில்,
இத்தனை வாரமும் காலியாகக் கிடந்த கட்டத்தில்,
ஹோக்னியின் எழுத்து:
பல். கீழ் வரிசை, இடது பக்கம்.
சரிசெய்ய வேண்டியதில்லை.