முதலில் குடிக்கும் எலும்பு

தெளிவாக இருக்கிறது.
அதுதான் இந்தத் தண்ணீரோடு எனக்குள்ள வழக்கு.
கலங்கியிருந்தால் யாராவது காறித் துப்பியிருப்பார்கள்
நாறியிருந்தால் கழுதைகூட முகம் திருப்பியிருக்கும்.
பிளவுப் பள்ளத்தாக்கின் எரிமலைப் பாறைக்குள்
நூறு முழம் கீழே கிடந்து
கல்லோடு பேசிப் பேசி
கல்லின் ஒரு பழக்கத்தைத் தொற்றிக்கொண்டு
மேலே வருகிறது, பளிங்குபோல.

மின்முனையை நனைக்கிறேன்.
எண் ஏறி, தயங்கி, நிற்கிறது.
லிட்டருக்கு ஒன்பது புள்ளி நான்கு மில்லிகிராம்.
ஒன்றரைக்கு மேல் கூடாதென்பது விதி.
குறிப்பேட்டில் எழுதியது:
ஆழ்குழாய் ஏழு. ஃப்ளோரைடு. காலை ஆறு நாற்பது. காற்று இல்லை.
எழுதாமல் விட்டது:
மஞ்சள் கேனோடு நின்ற துகாசா,
வயது முப்பத்தெட்டு,
கழுத்தைத் திருப்ப முடியாமல்
உடம்பையே திருப்பி எனக்கு வணக்கம் சொன்னது.

எலும்பு ஃப்ளோரைடுக்கு ஆசைப்படும்.
ஆய்வுக் கட்டுரையில் இப்படி எழுத விடமாட்டார்கள்,
அயனிப் பரிமாற்றம் என்று திருத்துவார்கள்.
ஆசைதான்.
கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு
அதை வாங்கி உள்ளே பூட்டும்.
பூட்டிப் பூட்டி
ஒருநாள் குனிய மறுக்கும்.

அதனால்தான் மாட்டெலும்பு.
அடிஸ் அபாபாவின் கசாப்புக்கூடத்திலிருந்து
மூட்டை மூட்டையாக லாரியில் வரும்.
சூளையில் நானூற்றைம்பது டிகிரி.
குறைந்தால் கருப்பு, தண்ணீரில் வாடை.
கூடினால் வெள்ளை, அழகு, எதற்கும் உதவாது.
நடுவில் ஒரு சாம்பல் நிறம் உண்டு,
புறாவின் அடிவயிற்று நிறம்.
அதைக் கண்ணால் பிடிக்க மூன்று வருடமாயிற்று.
உடைத்து, சலித்து, வாளியில் நிரப்பி
மேலே ஒன்பதை ஊற்றினோம்.
கீழே புள்ளி மூன்று சொட்டியது.
சூளை பார்க்கும் ஷிகுதே
கரிபடிந்த விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

பிறகு பெரிய நோன்பு வந்தது.
ஐம்பத்தைந்து நாள்.
இறைச்சி இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை.
என் வாளிகள் முற்றங்களில் கவிழ்ந்து கிடந்தன.
சரிந்து கிடந்த ஒன்றில் கோழி அடைகாத்தது.
"மாட்டுக்குள் புகுந்து வந்த தண்ணீரை
நோன்பில் எப்படிக் குடிப்பது?"
கேட்டவள் அஸ்னாகெச்.
அடுத்த தெருவில் வேறு கேள்வி:
"அறுக்கும்போது இறைவன் பெயரைச் சொன்னார்களா?"
மதிப்பீட்டாளர்களின் பதினேழு கேள்விகளுக்கும்
பதில் எழுதியவள்தான் நான்.
இவற்றை எந்த அட்டவணையில் தேடுவது?

குருவானவர் கெப்ரெயெஸ் வாளியைச் சுற்றி வந்தார்.
கரித்துண்டு ஒன்றை நாக்கில் வைத்தார்.
வெகுநேரம்.
"இதில் மாடு இல்லை" என்றார்.
"ஆனால் நான் சொன்னேன் என்று சொல்லாதே."

சொல்லவில்லை.
அஸ்னாகெச்சிடம் சொன்னது வேறு:
இந்த வீட்டில் எப்படியும் ஓர் எலும்பு
இந்தத் தண்ணீரைக் குடிக்கத்தான் போகிறது.
வாளிக்குள் இருப்பதா,
உன் மகளுக்குள் இருப்பதா.
எது முதலில் என்பது மட்டும்தான் என் ஆராய்ச்சி.

அவள் பதில் பேசவில்லை.
என் பற்களைப் பார்த்தாள்.
நானும் இங்கிருந்து முப்பது கிலோமீட்டரில் பிறந்தவள்.
மாநாட்டு மேடைகளில்
கை தானாக வாயை மூடப் போகும்.
துருப்பிடித்த தகரம்போல இரண்டு முன்பற்கள்.
அன்று கை போகவில்லை.

மறுநாள் ஒரு வாளி நிமிர்ந்திருந்தது.
மற்ற பதினொன்றும் அப்படியே.
கோழிக்கு இன்னும் நான்கு முட்டை பாக்கி.

வாளியிலுள்ள எலும்பும் ஒருநாள் நிறைந்துவிடும்.
அப்போதும் தண்ணீர் இதே தெளிவு,
காப்பி இதே ருசி.
அதனால் மாதம் தவறாமல் வருகிறேன்.
இன்று புள்ளி ஒன்பது.
இன்னும் ஆறு வாரம் தாங்கும்.

ஹவினேக்கு நாலு வயது.
அரிசிபோன்ற பாற்பற்களைக் காட்டிச் சிரிக்கிறாள்.
அடுத்த பற்கள் இப்போதுதான்
தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன,
எந்த மின்முனையும் போய் நனையாத இடத்தில்.
'முடிவு' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து
எடுத்துவிடுகிறேன்.